உள்வாய் கட்ட இரண்டு பேர்

மகளின் வாப்பா மன்னார்ப் பக்கத்தில், நாங்கள் விட்டுவிட்டு வந்த காணியில், ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு தனியாக இருக்கிறார். நான் இங்கே எத்தாளைக்குக் கிட்ட, கடல் உள்ளே வந்து தேங்கி நிற்கும் களப்பின் கரையில், மகளின் வீட்டில் இருக்கிறேன். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. பஸ் ஏறினால் அரை நாள் பயணம்தான். ஆனாலும் அவருடைய முகத்தைப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. கடைசியாக வந்து போன இரண்டு பெருநாளுக்கும் முழங்கால் வலி என்று அவர் வரவில்லை. வாங்க என்று நான் சொன்னதும் இல்லை. வா என்று அவர் சொன்னதும் இல்லை. இப்படிச் சொல்லாமலே இருந்து, இரண்டு பேரில் ஒருவர் மவுத்தான பிறகு மற்றவர் பஸ் ஏற வேண்டி வருமோ என்ற பயம் எனக்கு இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம்கூடச் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இருந்தாலும், வாயால் சொல்வதைவிட மகளின் பழைய கொப்பியில் எழுதுவது எனக்கு லேசாக இருக்கிறது.

இந்த வருடம் மீன் பிடிக்கும் கூடு ஒன்று கட்டப் போய்த்தான் அந்தப் பயம் வெளியே வந்தது.

கண்டக்குழியில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் செய்பவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து வாசலில் நின்றார்.

“மாமி, ஈர்க்குல மீன் கூடு கட்டுவீங்களாமே? மகள் சொன்னா.”

“அது அந்தக் காலம்” என்றேன், கதவுக்குப் பின்னால் இருந்தபடி.

“இப்ப ஒண்டு கட்டித் தாங்க. வாற மாசம் ஒரு கூட்டம் வருது. களப்புக்குள்ள இரிக்கிற மணல் திட்டுல மூணு நாள் கிடக்கப் போறாங்களாம். கடையில்ல, போனில்ல, காஸ் அடுப்பில்ல. மீனும் தாங்களே பிடிச்சுச் சுட்டுத் தின்னோணும். ஆளில்லாத காட்டுல அகப்பட்டா எப்பிடி உசிர் பிழைக்கிறது எண்டு பழகுறாங்களாம்.”

“ஏன், அவங்கட ஊர்ல சண்டையா?”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “சண்டையெல்லாம் இல்ல மாமி. ஆசை.”

உள்ளே இருந்து மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேடிப்போய்ப் பசியோடு கிடக்க ஒருவருக்கு ஆசை வருமா என்று அன்றைக்கு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். வரும் போலத்தான் இருக்கிறது. என்னுடைய சீவியத்தில் நான் திரும்பிப் போக விரும்பும் நாட்கள் எவை என்று கேட்டால், சோறு நிறைய இருந்த நாட்களைச் சொல்லமாட்டேன்.

“பறவை பிடிக்கிற கண்ணியும் ஒண்டு கட்டித் தருவீங்களா?” என்று கேட்டார் அவர்.

“அது கட்டமாட்டன்.”

“ஏன் மாமி?”

“கட்டமாட்டன்” என்று மட்டும் சொன்னேன். காரணத்தை அவருக்கு வாசலில் வைத்துச் சொல்ல எனக்குக் கூச்சம். இங்கே எழுதுகிறேன்.

சண்டையில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, நாங்கள் மன்னாரிலிருந்து வந்து இறங்கியபோது மகளுக்கு நாலு வயது. வள்ளமும் வலையும் அங்கேயே கிடந்தன. அவர் கையில் ஒரு கத்தியும், என் கையில் பிள்ளையும் ஒரு துணி மூட்டையும். ஒரு தென்னங்காணியில் பின்னிய ஓலைக் கிடுகால் கொட்டில் போட விட்டார்கள். எங்களைப் போல நிறையக் குடும்பங்கள். அரிசி கொடுத்தார்கள். கறிக்கு ஒன்றும் இல்லை. அரிசியும் சில நாள் வரும், சில நாள் வராது. அவர் வேலை கேட்டு, மீனவர் தங்கும் வாடி வாடியாக நடந்தார். வள்ளங்களுக்கெல்லாம் ஆள் இருந்தது. பிறகு நடப்பதையும் விட்டுவிட்டு, களப்பைப் பார்த்துக்கொண்டு தென்னைக்குக் கீழே இருப்பார். தன்னுடைய வலையில் மீன் பிடித்த மனுசன், சும்மா இருக்கும் கையை என்ன செய்வது என்று தெரியாமல் மணலைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் கரையில் ஒதுங்கிய பழைய வலைத் துண்டொன்றை எடுத்து வந்து இழை பிரித்தார். காணிக்குப் பின்னால் உடை மரங்கள் பற்றையாகக் கிடந்தன. அங்கே கவுதாரி மேயும். அது நடந்து வரும் ஒற்றையடிப் பாதையில் இழையால் ஒரு சுருக்குப் போட்டு, வளைத்த கம்பில் கட்டி வைத்தார். கால் பட்டால் கம்பு நிமிரும், சுருக்கு இறுகும். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலை, “புள்ள, ஓடி வா!” என்று கூப்பிட்டார். அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை, நாங்கள் வந்திறங்கிய பிறகு நான் கேட்டதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கவுதாரி அகப்பட்டிருந்தது. ஆனால் கால் அல்ல, கழுத்து. சுருக்கை ஒரு விரல் உயரம் கூட்டி வைத்துவிட்டார். அது நெரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு இன்னும் சூடு. அவர் கையில் கத்தி இருந்தது.

மீனுக்குக் கத்தி தேவையில்லை. தானாகச் செத்தாலும் தின்னலாம். பறவை அப்படியல்ல. உயிர் இருக்கும்போது பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டும். கழுத்து நெரிந்து செத்தது எங்களுக்கு ஆகாது. அது அவருக்கும் தெரியும்.

“சூடு இருக்கு” என்றார், என்னைப் பார்க்காமல்.

“சூடு இருக்கு. உசிர் இல்ல.”

“பசிச்சவனுக்கு ஆகும் புள்ள. வேற ஒண்டும் இல்லாட்டி ஆகும் எண்டு ஓதியிருக்கிறன்.”

அவர் பேச்சுக்கு எதிராக நான் அதுவரை பேசியதே கிடையாது. கலியாணம் முடித்து ஆறு வருடத்தில் அவர் முன்னால் சத்தமாகத் தும்மினதும் கிடையாது. எங்கே இருந்து வந்ததோ, வாயைத் திறந்துவிட்டேன்.

“வேற ஒண்டும் இல்லாட்டித்தானே? முன்னால களப்பு கிடக்கு. அதுக்குள்ள மீன் கிடக்கு.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஆச்சரியம்தான்.

“வலையில்ல, வள்ளமில்ல, ஒரு தூண்டில் முள்ளுக்கூட இல்ல. கையால அள்ளவா?”

“தெரியா.”

“தெரியாட்டி நீயே பிடி” என்று சொல்லிவிட்டு, கத்தியாலேயே மண்ணைத் தோண்டி அந்தக் கவுதாரியைப் புதைத்தார். மகள் அழுதாள். “ஏன் வாப்பா மண்ணுக்குக் குடுக்கிறீங்க? மண்ணுக்கும் பசிக்குதா?” என்று கேட்டாள். 

சொன்ன சொல் என் தலையில் விழுந்துவிட்டது. எங்கள் ஊரில் எங்கள் வீட்டுப் பெண்கள் கடற்கரைக்குப் போவதில்லை. மீன் கூடு கட்டுவதை நான் வேலிக்குள்ளால் பார்த்ததுதான். அந்தப் பார்வையை நம்பி ஓலை பொறுக்கினேன். ஈர்க்கு கிழித்துச் சேர்த்தேன். வளையத்துக்கு, களப்போரச் சேற்றில் நிற்கும் கண்டல் மரத்தின் விழுதை வெட்டி, நனைத்து வளைத்தேன். கட்டுவதற்குக் கவுதாரிக்குப் போட்ட அதே வலை இழை. குடம் மாதிரி வெளிக்கூடு ஒரு நாளில் வந்துவிட்டது. கரடுமுரடுதான். ஆனால் நின்றது.

வராமல் போனது உள்வாய். மீன் கூட்டின் சூட்சுமமே உள்வாய்தான். புனல் மாதிரி உள்ளே போகப் போக ஒடுங்கி, முடிவில் ஈர்க்கின் கூர் நுனிகள் எல்லாம் உள்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். உள்ளே போகும் மீனுக்கு அது வழிவிடும். வெளியே வரும் மீனைக் குத்தும். அதைக் கட்டும்போது, சின்ன வளையத்தை யாராவது இரண்டு கையாலும் அசையாமல் பிடிக்க வேண்டும். நானே பிடித்து நானே கட்டினால் ஒரு பக்கம் கட்டும்போது மறுபக்கம் அவிழும். பல்லால் கடித்துப் பார்த்தேன். கால் விரலால் பிடித்துப் பார்த்தேன்.

அவர் தென்னைக்குக் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூடு வைக்கிறவனெல்லாம் நித்திரைக் கள்ளன். மீனைத் தேடிப் போகமாட்டான். மீன் தன்னைத் தேடி வரட்டும் எண்டு படுத்துக் கிடப்பான்” என்றார்.

“நீங்களுந்தானே படுத்துக் கிடக்கிறீங்க. கூடில்லாமலே” என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஆனால் முகத்தில் தெரிந்துவிட்டதோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் எழும்பி வந்து எனக்கு முன்னால் சப்பாணி கட்டி அமர்ந்தார்.  இரண்டு கையையும் கூட்டுக்குள் விட்டு வளையத்தைப் பிடித்தார்.

வலை இழுத்துக் காய்த்துப்போன கை. ஈர்க்கு குத்தினால் அதற்குத் தெரியாது. நான் கட்டக் கட்ட, வளையத்தை அரை விரலளவு திருப்பித் திருப்பிக் கொடுத்தார். நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் நெற்றிகள் முட்டுகிற தூரம். அவருடைய மூச்சு என் கையில் பட்டது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் நாங்கள் இருந்ததில்லை. எங்கள் ஊரில் அவர் கடலுக்குப் போவார், நான் அடுப்படியில் நிற்பேன், வீடு நிறைய ஆட்கள். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணை இழையிலிருந்து எடுக்கவே இல்லை. கட்டி முடிந்தபோது, “முடிஞ்சுதா? கொஞ்சம் அவிழ்த்துக் கட்டினா இன்னும் இறுக்கமா வரும்” என்றார். நானும் அவிழ்த்தேன். அது இறுக்கத்துக்காகத்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

கூட்டைத் தண்ணீரில் வைப்பதற்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அமுக்க, ஒருவர் கல் வைக்க வேண்டும். சுபஹ் தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்ததும் இறங்கினோம். நான் உடுப்புக்கு மேலே அவருடைய சட்டையைப் போட்டு, முக்காட்டை இடுப்பில் இறுக்கியிருந்தேன். இடுப்பளவு தண்ணீர். நனைந்த துணியோடு நிற்கிறேன், கரையில் ஆண்கள் போய் வருகிறார்கள், எனக்கு உயிர் போகிறது. அவர் எனக்கும் கரைக்கும் இடையில் வந்து நின்றார். கரையில் இருப்பவர்களுக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரியும். நான் குனிந்தால் அவரும் ஒரு அடி நகர்வார். நான் தள்ளிப் போனால் அவரும் தள்ளி நிற்பார். அன்றைக்கு மட்டுமல்ல. அதற்குப் பிறகு நாங்கள் தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு காலையும் அவர் அப்படியே நின்றார். ஏன் அங்கே நிற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. இதற்காக நிற்கிறேன் என்று அவரும் சொல்லவில்லை.

மூன்று காலை கூடு வெறுமை. ஒரு நாள் மட்டும் ஒரு நண்டு உள்ளே போய், இழையை வெட்டிவிட்டு வெளியே போயிருந்தது. எங்கள் ஊர்க் கடல் வற்றும், பெருகும். வற்றும் தண்ணீரோடு மீன் கரையிலிருந்து இறங்கும். அதனால் கூட்டின் வாயைக் கரையைப் பார்த்து வைப்பார்கள். நாங்களும் அப்படியே வைத்திருந்தோம். அவர் பிறை பார்த்து, விரல் மடித்துக் கணக்குப் போட்டு, தண்ணீர் எப்போது வற்றும் என்று சொல்வார். தண்ணீர் வற்றவே வற்றாது.

நாலாம் நாள் காணிக்காரரின் மனைவி, அக்காவைப் போல நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், கரையில் நின்று பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்.

“என்னா புள்ள, பிறை பாத்தா கூடு வெக்கிறீங்க? நோன்பு பிடிக்கவா மீன் பிடிக்கவா?”

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. வள்ளம் வைத்திருந்த மனுசனல்லவா.

“எங்கட கடல்ல இப்பிடித்தான் ராத்தா” என்றேன் மெதுவாக.

“அது உங்கட கடல். இந்தக் களப்புத் தண்ணி காத்துக்குத்தான் கேக்கும். வாடைக்காத்து அடிக்கிற நாள் பூரா கரைக்கு ஏறிக்கிட்டேதான் இரிக்கும். மீனும் அதோட ஏறி வந்து சாதாளைப் புல்லு மேயும். கூட்டுட வாயைக் காத்துப் பக்கம் திருப்புங்க. இந்த நானாவுக்குச் சொல்லுங்க, பிறையப் பெருநாளைக்குப் பாக்கட்டும்.”

ராத்தா போன பிறகு அவர் கூட்டின் மேலிருந்த கல்லை எடுத்தார். பிறகு, “நம்மட கடல் இல்லத்தான்” என்றார். அதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. நாங்கள் வந்திறங்கி ஒன்றரை மாதம். ஊரைப் பற்றி அவர் அதுவரை ஒரு சொல் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அவர் அழுவதைப் பார்த்தேன். கரைக்கு முதுகு காட்டி நின்றதால் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நான் கூட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் திருப்பினேன். அவர் மறுபக்கத்தைப் பிடித்தார்.

மறுநாள் கூட்டுக்குள் நாலு ஓரா மீனும் ஒரு கிளக்கனும் கிடந்தன. வெறிபிடித்தவள் மாதிரிக் கையை உள்ளே விட்டேன். ஓராவின் முதுகு முள் விசம். உள்ளங்கையில் ஏற்றிவிட்டது. கை தோள் வரைக்கும் எரிந்தது. அவர் கூட்டை அப்படியே மணலில் போட்டுவிட்டு, என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய், கொதிக்கும் சோற்றுப் பானையின் ஆவியில் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். சூடு பட்டால் ஓராவின் விசம் அடங்கும். நான் இழுத்தாலும் விடவில்லை. “பொறு புள்ள, பொறு” என்றார். மகள் ஓடி ஓடி மீனைப் பார்த்துவிட்டு வந்து, “வாப்பா, இது மண்ணுக்கா எங்களுக்கா?” என்று கேட்டாள். கை எரிய எரிய நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு போட்டி பிடித்துவிட்டது. உடை முள்ளின் நடுவில் இழை கட்டி, அதில் நண்டுச் சதை சுற்றி, தூண்டில் என்றார். மீன் விழுங்கினால் முள் தொண்டையில் குறுக்கே நிற்குமாம். உடைந்த குடைக் கம்பி மூன்றைத் தீட்டி ஒரு தடியில் கட்டிக் குத்தீட்டி செய்தார். “இண்டைக்கு ஆருக்கு மீன் கூட? கூடா, குத்தா?” என்று காலையில் கேட்பார். பெரும்பாலும் கூடுதான் வெல்லும். “நித்திரைக் கள்ளி வெண்டிட்டா” என்பார். நான் சொல்லாமல் விட்ட பதிலைக் கடைசிவரை சொல்லவில்லை.

நாலைந்து மாதம் அப்படிப் போனது. பிறகு ஒரு வள்ளத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. நல்ல காலம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். கூடு கொட்டிலின் கூரையில் ஏறியது, பிறகு அடுப்புக்குப் போனது. அவர் கடலுக்குப் போனார், நான் அடுப்படிக்குப் போனேன். ஒருவருக்கு முன்னால் ஒருவர் அமர வேண்டிய வேலை ஒன்றும் எங்களுக்கு மிஞ்சவில்லை. கல்வீடு கட்டினோம். மகளுக்குக் கலியாணம் முடித்தோம். கதிரை வாங்கினோம், அலுமாரி வாங்கினோம். ஒரு நாள், சண்டை முடிந்து ஊர்ப் பாதை திறந்துவிட்டது என்று கதை வந்தது.

“நான் போய்க் காணியைப் பாத்திட்டு வாறன்” என்றார்.

“சரி” என்றேன்.

நீயும் வாறியா என்று கேட்பார் என்று நினைத்தேன். முதல் தடவை ஒரு கிழமையில் வந்தார். பிறகு ஒரு மாதம். பிறகு மூன்று மாதம். வரவர நாள் நீண்டுகொண்டு போனது. போனில் சொல்வார்: காணி காடாகிக் கிடக்கு. உடை மரமெல்லாம் வெட்டியாச்சு. கிணறு இறைச்சாச்சு. கொட்டில் போட்டாச்சு. ரெண்டு ஆடு வாங்கியிருக்கிறன். நான் ஓம் என்பேன், நல்லம் என்பேன். மகள் போனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். மருமகன் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். நான் “சாப்பிட்டீங்களா” என்று கேட்பேன். அதற்கு மேல் எனக்கு வாய் வராது. அவருக்கு மண் கிடைத்துவிட்டது, இனி நான் எதற்கு என்று மனதுக்குள் ஒரு முள்ளும் இருந்தது.

இப்போது விடுதிக்காரருக்கு நான் கட்டத் தொடங்கிய கூட்டுக்கு வருகிறேன். வெளிக்கூடு இரண்டு நாளில் முடிந்தது. கண் மங்கினாலும் விரலுக்கு ஞாபகம் இருக்கிறது. உள்வாய்க்கு மகளைக் கூப்பிட்டேன். அவள் தையல் மெசினை விட்டு எழும்பி வந்து, அரை மனதோடு கையை உள்ளே விட்டாள்.

“அல்லாஹ்! உம்மா, இது கூடா, முள்ளம்பண்டியா?”

“அசையாமப் பிடி.”

“பிடிச்சிருக்கன். குத்துது.”

“குத்தத்தான் செய்யும். விட்டுடாத.”

விட்டுவிட்டாள். பாதி கட்டிய ஈர்க்கெல்லாம் பொலபொலவென்று சரிந்தது. இரண்டாம் தரமும் அப்படி. மூன்றாம் தரம் அவளுக்குப் போன் அடித்தது, ஒரு கையை எடுத்தாள், சரிந்தது. என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்:

“வாப்பா எண்டா விடமாட்டார்.”

மகள் கையை வெளியே எடுத்து, குத்துப்பட்ட விரலை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் ஈர்க்கைப் பொறுக்குகிற மாதிரி தலை குனிந்தேன். குனிந்ததும் கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றுவிட்டது. துடைத்தால் தெரியும், துடைக்காவிட்டாலும் தெரியும்.

“குத்திட்டா உம்மா?”

“ஓம்.”

“எங்க, காட்டுங்க.”

காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. போனை எடுத்து அழுத்தி, எங்களுக்கு நடுவில் பாயில் வைத்தாள். “கூட்டுக்கெண்டாவது கூப்பிடுங்க. உங்களுக்கு வேற கதை வராதே” என்று சொல்லிவிட்டு, கதவடிக்குப் போய் நின்றாள். உள்ளே போ என்று கையைக் காட்டினேன். போகவில்லை.

“ஆரு, மகளா?” என்றார் அவர்.

“நான்.”

“என்ன புள்ள, சுகமா?”

“சுகம். சாப்பிட்டீங்களா?”

“ஓம். பாணும் சம்பலும்.”

அங்கே ஆடு கத்துவது கேட்டது.

“கூடு ஒண்டு கட்டுறன்” என்றேன்.

“கூடா? ஏன், அங்க கறிக்கு ஒண்டும் இல்லையா?”

“விடுதிக்கு ஒண்டு கேட்டாங்க. உள்வாய் நிக்குதில்ல.”

“ஆரு பிடிக்கிறது?”

“மகள்.”

“அவள் பிடிச்சா நிக்குமா? நாலு வயசுலயே அவளுக்கு ஒரு எடத்துல கை நிக்காது.”

“வாப்பா, எனக்குக் கேக்குது!” என்று மகள் கதவடியிலிருந்து கத்தினாள்.

அவர் சிரித்தார். பிறகு, வளையத்தை முழங்கால் இரண்டுக்கும் நடுவில் இறுக்கி வைத்துக் கட்டச் சொன்னார். நனைத்த சாக்கைச் சுற்றிக்கொள்ளச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றேன். அவர் சொல்லி முடித்துவிட்டார். இந்த இடத்தில் நான் வழக்கமாக “சரி, வைக்கிறன்” என்பேன். அந்தச் சொல் நாக்கில் வந்து நின்றது. போனை வைத்துவிட்டால் இன்னும் ஒரு பெருநாள் போய்விடும் என்று தெரிந்தது.

“நீங்க வாங்க” என்றேன்.

“கூட்டுக்கா?”

“கூட்டுக்கில்ல.”  மகள் கதவடியில் நிற்கிறாள் என்று தெரியும். “எனக்கு உங்களைப் பாக்கணும்.”

 போன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன்.

“இன்னொருக்காச் சொல்லு” என்றார்.

“கேக்கேல்லையா?”

“கேட்டுது. நான் இஞ்ச வந்து இத்தனை வருசத்துல நீ ஒரு நாளும் வரச் சொல்லேல்ல. விட்டிட்டுப் போன கோவத்துல இருக்கிறாள், அவளுக்கு மகளும் வீடும் போதும் எண்டு நினைச்சன். ஒவ்வொரு தரமும் கொட்டில் போட்டன், ஆடு வாங்கினன் எண்டு சொல்றன், நீ நல்லம் எண்டு சொல்லிப்போட்டு வைக்கிறாய். நான் என்னண்டு நினைக்கிறது? இன்னொருக்காச் சொல்லு புள்ள.”

இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவையைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் உள்ளே போனாள்.

வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வருவதாகச் சொன்னார். ஆடுகளைப் பக்கத்துக் காணிக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். பத்து நாள்தான் நிற்க முடியும் என்றும் சொன்னார். அந்த மண்ணை விட்டு இன்னொரு தடவை எழும்பச் சொல்லி நான் கேட்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

இன்றைக்குப் புதன்கிழமை. பிந்துதே மாமி என்று விடுதிக்காரர் இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டார். சனிக்கிழமை தருகிறேன் என்றேன். பத்து நாள் முடிந்து வாப்பா திரும்பும்போது நீங்களும் கூடப் போவீங்களா என்று மகள் கேட்கிறாள். அலுமாரியில் இருந்த இரண்டு சாரியைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன். ஏன் என்று அவள் கேட்டதற்கு, புழுதி என்றேன். வா என்ற சொல் அவருடைய வாயால் வரட்டும். வந்தால் ஓம் சொல்ல யோசிக்கமாட்டேன்.